ஆர்ட் படம் நமக்குப் புரியுமா?

அந்தியூர்ச் சந்தையில் வெற்றிலை வாங்கும்போது கட்டைப் பிரித்து நாலு இலையைத் திருப்பிப் பார்க்காமல் காசைக் கொடுக்கிறோமா? கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்கிறோம். புளியை வாயில் போட்டுப் பார்க்கிறோம். பிள்ளைக்கு ஒரு கவுன் எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். சினிமா விஷயத்தில் மட்டும் நமக்கு இந்தக் கண்டிப்பு ஏனோ கிடையாது. வீட்டில் யார் கையில் ரிமோட் இருக்கிறதோ அவர்கள் போட்டதுதான் படம். தியேட்டருக்குப் போனால் குழந்தைகள் கேட்டது படம். இல்லாவிட்டால் வீட்டுக்காரருக்குப் பிடித்த ஹீரோ நடித்தது படம். "உங்களுக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்கும்?" என்று நம்மில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "எனக்கென்னுங்க, எதைப் போட்டாலும் பார்த்துக்குவேன்" என்பதுதான் பதிலாக இருக்கும்.

"அப்படியானால் நல்ல படமாக ஒன்று பார்க்கலாமே, விருது வாங்கிய படம், உலகப் பட விழாவுக்குப் போன படம்" என்று சொன்னால் போதும், முகம் மாறிவிடும். "ஐயோ, ஆர்ட் படமுங்களா? ஒருத்தர் நடந்து போவார், போவார், போய்க்கிட்டே இருப்பார். அதெல்லாம் படிச்சவங்க பார்க்கிறது."

இதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஏனென்றால் அந்தப் படங்களில் பாதிக்கு மேல் யாரைப் பற்றியவை தெரியுமா? நம்மைப் பற்றியவை! அடுப்படி, தண்ணீர்க் குடம், வாடகை வீடு, பள்ளிக்கூடச் செருப்பு, வயதான மாமியார், வராத புருஷன், பத்தாத சம்பளம். உலகத்தின் பெரிய பெரிய டைரக்டர்கள் எல்லாம் காமிராவைக் கொண்டுபோய் வைத்தது இங்கேதான். படம் நம் வீட்டைப் பற்றியதாக இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் மட்டும் நாமாக இல்லை.

மெதுவாக நகர்கிறது என்ற புகாரையே எடுத்துக்கொள்ளுங்களேன். பி.எஸ். வினோத்ராஜ் என்ற இளைஞர் எடுத்த 'கூழாங்கல்' படம் 2021-ல் ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் பட விழாவில் முதல் பரிசான டைகர் விருதை வாங்கியது. அதற்கு முன் எந்தத் தமிழ்ப் படமும் வாங்காத பரிசு. தம் சொந்தச் சகோதரி, புருஷன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டுக் கைக்குழந்தையோடு நடந்தே தாய் வீடு வந்து சேர்ந்ததுதான் கதைக்கு வித்து என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படம் ஒன்றேகால் மணி நேரம்தான். கொளுத்தும் வெயிலில் ஒரு குடிகாரத் தகப்பனும் சின்னப் பையனும் நடக்கிறார்கள். கடைசியில் ஒரு காட்சி. ஊற்றுக் குழியில் தண்ணீர் சுரப்பதற்காகப் பெண்கள் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். காமிரா அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. அவசரமே இல்லை.

நகரத்து இளைஞர் ஒருவர் அந்த இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்க்கலாம். ஆனால் கோடையில் குழாயடியில் விடிகாலை மூன்று மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அந்தக் காட்சியில் ஒரு விநாடிகூட அதிகமில்லை. பால் பொங்க எவ்வளவு நேரமாகும், ஜுரத்தில் கிடக்கிற குழந்தை கண் விழிக்க எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் நமக்கு அத்துபடி. 'ஸ்லோ' படம் என்று சொல்வது பெரும்பாலும் நம் வீட்டு வேலையின் வேகத்தில் ஓடுகிற படம்தான். அதைப் புரிந்துகொள்ளக் காலேஜ் படிப்பு எதற்கு?

பெல்ஜியம் நாட்டில் ஷான்டால் ஆகர்மான் என்றொரு பெண் இயக்குநர் 1975-ல், தம் இருபத்தைந்தாவது வயதில், 'ழான் தீல்மன்' என்ற படத்தை எடுத்தார். முழுப் பெயர் நீளமானது. அந்தப் பெண்ணின் வீட்டு விலாசமே படத்தின் பெயர். மூன்று மணி இருபது நிமிஷம் ஓடும். ஒரு விதவைத் தாய் படுக்கையைத் தட்டிப் போடுகிறாள், உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், மகனுக்குச் சோறு போடுகிறாள். 2022-ல் லண்டனிலிருந்து வரும் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை உலகெங்குமுள்ள விமரிசகர்களிடம் ஓட்டு எடுத்தபோது, எக்காலத்திலும் சிறந்த படம் என்று முதலிடத்துக்கு வந்தது இது! (பெரியவர்கள் மட்டும் பார்க்கவேண்டிய படம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாயின் வயிற்றுப்பாட்டில் குழந்தைகளுக்குச் சொல்ல முடியாத சங்கதிகள் உண்டு.) முதல் படமாக இதைப் பார்க்கச் சொல்லமாட்டேன். ஆனால் உருளைக்கிழங்கு தோல் சீவுவதை உலகம் உட்கார்ந்து பார்க்கிறது என்று தெரிந்துகொள்வதில் ஒரு திருப்தி இருக்கத்தானே செய்கிறது!

நம் ஊர்ப் பேச்சிலேயே

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கொங்குச் சீமையிலேயே கதை இருக்கிறது. கோபிச்செட்டிபாளையத்து வயலும் வாய்க்காலும் சினிமாவுக்குப் புதிதல்ல. பாக்யராஜ் பிறந்ததே கோபிக்குப் பக்கத்து வெள்ளாங்கோயிலில்தான். ஆனாலும் நம் ஊர் பெரும்பாலும் பாட்டுக்குப் பின்னால் தெரிகிற பச்சையாகவே இருந்துவிட்டது. நம் பேச்சும், நம் வீட்டுச் சச்சரவும், நாம் வெளியே சொல்லிக்கொள்ளாத சாதி விவகாரமும் படத்துக்குள் வருவது அபூர்வம்.

'சேத்துமான்' அப்படி வந்த ஒரு படம். திருச்செங்கோட்டுப் பக்கத்து எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'வறுகறி' என்ற கதை. தமிழ் என்பவர் இயக்கியது. 2021-ல் கேரளப் பட விழாவில் காட்டப்பட்டு, 2022-ல் சோனி லிவ்வில் வெளியானது. கூடை முடைகிற ஒரு தாத்தா, தாய் தகப்பனை இழந்த பேரனைப் படிக்கவைக்கப் படுகிற பாடு ஒரு புறம். பன்றிக்கறி தின்ன ஆசைப்படும் பண்ணைக்காரர் ஒருவர், ஊருக்கும் பெண்டாட்டிக்கும் பயந்துகொண்டு அதற்கு ஆள் சேர்க்கிற கூத்து மறு புறம். அந்த அம்மாள் புருஷனைப் பிடித்து வாங்குகிற வாங்கு இருக்கிறதே, பவானிக்கும் பெருந்துறைக்கும் நடுவில் எந்த வாசலிலும் கேட்கலாம்! சிரித்துக்கொண்டே பார்க்கிறோம், முடியும்போது சிரிப்பு தொண்டையில் நிற்கிறது.

இன்னொன்று 'நசிர்'. கோயமுத்தூர்க்காரரான அருண் கார்த்திக் எடுத்தது. எழுத்தாளர் திலீப்குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை'யைத் தழுவியது. 2020-ல் ராட்டர்டாமில் ஆசியப் படங்களுக்கான நெட்பாக் விருது வாங்கியது. கதை நடப்பது கோயமுத்தூரில். கதாநாயகர் ஜவுளிக்கடை சேல்ஸ்மேன். கல்யாணப் புடவை எடுக்கப் போகிறோம், ஐம்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்கிறோம், "பார்டர் சரியில்லைங்க" என்று எழுந்து வந்துவிடுகிறோம். அத்தனையையும் திரும்ப மடித்து வைக்கிறாரே, அந்த மனிதர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், வீட்டில் நோயாளித் தாயார் எப்படி இருக்கிறார், மனைவியை ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கு அவருக்கு மனசு எப்படி இருக்கும் என்று நாம் எப்போதாவது யோசித்திருக்கிறோமா? படம் முழுவதும் அந்த ஒரு நாள்தான். கடைசிச் சில நிமிஷங்கள் மிகக் கடுமையானவை. குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். கர்ப்பிணிகளும் மனசு லேசாக இருப்பவர்களும் தள்ளிப் போடலாம். மற்றவர்கள் பாருங்கள். அதற்கப்புறம் ஜவுளிக்கடைக்குப் போனால் நீங்களே நாலு புடவையை மடித்துக் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

கொட்டாய்க் காலம்

சினிமா பார்ப்பதில் கொங்கு நாடு யாருக்கும் இளைத்ததல்ல. கோயமுத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 1905-ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் ஊமைப் படச் சுருள்களையும் வாங்கிக்கொண்டு வேலையை உதறினார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1914-ல் கோயமுத்தூரில் 'வெரைட்டி ஹால்' என்ற நிலையான கொட்டகையைக் கட்டினார். தென்னாட்டின் ஆரம்பகால நிரந்தரக் கொட்டகைகளில் ஒன்று அது. அந்தக் கொட்டகையின் பெயர் இன்றைக்கும் அந்தத் தெருவுக்கு இருக்கிறது. இந்த ஊமைப் பட நாட்களில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, எழுத்து வரும்போதெல்லாம் உரக்கப் படித்துக் கதை சொல்வாராம். இந்த ஆசாமியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட பழைய விவரங்களையெல்லாம் தேடித் திரட்டிய சினிமா ஆராய்ச்சியாளர் தியடோர் பாஸ்கரனும் நம் தாராபுரத்தில் பிறந்தவர்தான்.

அப்புறம் டூரிங் டாக்கீஸ். எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியம்மாவைக் கேட்டேன். "ஆமாங்கம்மிணி, மணலைக் குமிச்சு மேடு கட்டி உக்காந்துக்குவோம். பொம்பளைங்க ஒரு பக்கம், ஆம்பளைங்க ஒரு பக்கம். சோத்தை ஆக்கி வெச்சுப்போட்டு, கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு, பொம்பளைங்களாச் சேர்ந்து நடந்தே போவோமுங்க. பொறப்படறப்ப யாரையுங் கேக்கறதில்லை. எல்லாரும் போறாங்க, நானும் போறேன், அவ்வளவுதான்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். கூட்டாகப் போனதால் அனுமதி கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிருக்கிறது! இப்போது ஆளுக்கொரு டி.வி., ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு நாம் தனித்தனியாகிவிட்டோம். பெண்கள் நாலு பேர் மட்டும் சேர்ந்து படம் பார்க்கப் போவதென்றால் அது இன்றைக்கு வீட்டில் ஒரு மாநாடு கூட்டித் தீர்மானிக்கிற விஷயம்.

நடுவில் தூர்தர்ஷன் ஒரு புண்ணியம் செய்தது. எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பிற மொழிப் படங்கள் போடுவார்களே, நினைவிருக்கிறதா? வங்காளம், மலையாளம், கன்னடம், ஒரியா என்று மாறி மாறி வரும். பலவும் விருதுப் படங்கள். வேறு சானலும் கிடையாது. கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்து, முந்தானையை விரித்துப் படுத்துக்கொண்டே, பாஷை தெரியாமலே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அம்மாக்கள் எத்தனை பேர்! 'ஆர்ட் படம்' என்று யாரும் பெயர் சொல்லிப் பயமுறுத்தவில்லை, ஆகையால் பயப்படவில்லை.

ஞாயிறு மாலை ஆறு மணி

நல்ல படங்களைத் தேடிப் பார்ப்பதற்கென்றே சங்கங்கள் உண்டு. ஃபிலிம் சொசைட்டி என்பார்கள். 1947-ல் கல்கத்தாவில் சத்யஜித் ரே, சிதானந்த தாஸ்குப்தா முதலானவர்கள் ஆரம்பித்தது பிரபலம். 1952-ல் நம் நாட்டின் முதல் சர்வதேசப் பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்து போனது. 1959-ல் சங்கங்கள் எல்லாம் ஒரு சம்மேளனமாகச் சேர்ந்தன. தலைவர் ரே. துணைத் தலைவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அம்மு சுவாமிநாதன்! கேப்டன் லட்சுமியையும் நாட்டியக் கலைஞர் மிருணாளினி சாராபாயையும் பெற்ற தாயார். அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர். 1952-ல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனவர். டில்லி ஃபிலிம் சொசைட்டியையும் இந்தச் சம்மேளனத்தையும் வளர்த்தவர்களில் விஜயா முலே என்ற இன்னொரு பெண்மணியும் முக்கியமானவர். ஆக, இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டதில் பெண்கள் கை இருக்கிறது.

கோயமுத்தூரில் 'கோணங்கள்' ஃபிலிம் சொசைட்டி பல ஆண்டுகளாக ஞாயிறு மாலைகளில் பெர்க்ஸ் பள்ளியின் சிறு அரங்கில் உலகப் படங்களைக் கட்டணமில்லாமல் காட்டியது. ஈரான், ஜப்பான், போலந்து, லத்தீன் அமெரிக்கா என்று கொங்கு நாட்டுக்கு அந்தப் படங்கள் வந்து சேர்ந்த வாசல்களில் அது ஒன்று. முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கக் கிளைகளும் சில ஊர்களில் உலகப் பட விழாக்கள் நடத்தியிருக்கின்றன.

எல்லாம் சரி. ஆனால் பொதுவாக எந்த ஃபிலிம் சொசைட்டியை எடுத்துக்கொண்டாலும் படம் போடுகிற நேரம் என்ன? ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி! மறுநாள் இட்லிக்கு மாவு ஆட்டுகிற நேரம். பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரி போடுகிற நேரம். மாமியாருக்கு மாத்திரை கொடுக்கிற நேரம். கோயமுத்தூரில் குடியிருப்பவருக்கே சிரமம் என்றால், மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து திரும்பவேண்டிய அந்தியூர்க்காரர் என்ன செய்வார்? படம் முடிந்தபின் கலந்துரையாடல் வேறு. அதை எட்டரை மணி வரை இருந்து கேட்கிறவர்கள் யாராக இருக்கமுடியும்? 'பெண்கள் வருவதில்லை' என்று குறைப்படுகிற அன்பர்கள், மாதம் ஒரே ஒரு காட்சியைச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வைத்துப் பார்க்கட்டும். குழந்தைகள் பள்ளியில், ஆண்கள் வேலையில். அரங்கில் இடம் போதாது என்று நான் எழுதித் தருகிறேன்.

கிராமத்தில் இதெல்லாம் நடக்குமா என்பீர்கள். கர்நாடகத்தில் ஷிமோகா ஜில்லாவில் ஹெக்கோடு என்றொரு சிற்றூர், பாக்குத் தோட்டக்காரர்கள் ஊர். அங்கே கே.வி. சுப்பண்ணா முன்னின்று நடத்திய 'நீநாசம்' நாடகக் குழு, 1970-களில் ஒரு சினிமா சங்கத்தையும் தொடங்கி, 'பதேர் பாஞ்சாலி', 'பைசிக்கிள் தீவ்ஸ்', 'ரஷோமான்' போன்ற படங்களைக் கிராமத்தாருக்குப் போட்டுக் காட்டியது. படங்களைப் பற்றிக் கன்னடத்திலேயே பேசினார்கள். பாக்கு உரிக்கிறவர்கள் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். சுப்பண்ணாவுக்கு 1991-ல் மகசேசே விருது கிடைத்தது. பாக்கு விளைகிற ஊரில் நடந்தது வெற்றிலை விளைகிற ஊரில் நடக்காதா?

விழாவுக்குப் போவதென்றால்

மார்கழியையொட்டி டிசம்பரில் நமக்கு இரண்டு பெரிய விழாக்கள் எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன. ஒன்று, 2003-லிருந்து நடந்துவரும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா. மற்றொன்று, 1996-ல் தொடங்கிய கேரள விழா, திருவனந்தபுரத்தில் நடக்கிறது. ஈரோட்டிலிருந்து இரண்டு ஊருக்குமே நேர் ரயில் உண்டு. என்னைக் கேட்டால் கேரள விழாவுக்குத்தான் ஓட்டு. கல்லூரிப் பிள்ளைகள், பாட்டிமார், குழந்தையை இடுப்பில் வைத்த அம்மாக்கள் என்று ஊரே வரிசையில் நிற்கும்; நாற்காலி நிறைந்துவிட்டால் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நம் கொட்டாய் மாதிரியேதான்! 2021-ல் கொரோனாவால் விழாவை நாலு ஊர்களாகப் பிரித்து நடத்தியபோது, கடைசிக் கட்டமாகப் பாலக்காட்டுக்கே வந்தது. கோயமுத்தூருக்கு அடுத்த வீடு!

விழாவில் ஒரு நாளைக்கு ஐந்து படம்கூடப் போடுவார்கள். ஆசைப்பட்டு ஐந்தையும் பார்த்தால் ராத்திரி எந்தப் படத்தில் யார் செத்தார்கள் என்றே குழம்பிப்போகும். இரண்டு போதும், மிஞ்சினால் மூன்று. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் இடுப்பும் கணுக்காலும் பழி வாங்கிவிடும். தண்ணீரைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். 'பாத்ரூம் எங்கே இருக்கோ' என்ற பயத்தில் நாம் செய்கிற இந்தத் தவறுதான் வெளியூர் போய் வந்ததும் நீர்க்கடுப்பாக வந்து நிற்கிறது. குளிர்சாதன அரங்கில் ஒரு சால்வை அவசியம். எள்ளுப்பொடி தடவிய இட்லி இரண்டு பொழுதுக்குத் தாங்கும். ஒன்றரை வயதுக் குழந்தையோடு போகலாமா என்றால், வேண்டாம்; இருட்டும் சத்தமும் அதற்கு ஆகாது, பக்கத்து நாற்காலிக்காரருக்கும் ஆகாது. பாட்டியிடம் இரண்டு நாள் விட்டுவிட்டுப் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் விசாரப்படவேண்டாம், கூடத்திலேயே விழா நடத்தலாம்.

கூடத்து விழா

பக்கத்துப் பவானியிலிருந்து ஜமக்காளம் இல்லாத வீடு நம் பக்கம் உண்டா? அதை விரித்தால் அரங்கம் தயார். நாலைந்து வீட்டுப் பெண்கள். மாதத்தில் ஒரு நாள். காலை பத்தரை மணி. பெரிய டி.வி. யார் வீட்டில் இருக்கிறதோ அங்கே. முறையாகச் சந்தா கட்டிய தளங்களிலேயே இந்தப் படங்களில் பல கிடைக்கின்றன. திருட்டுப் பிரதி வேண்டாம். அறையை முழு இருட்டாக்காமல் ஓரத்தில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும், கண்ணுக்குச் சிரமம் குறையும். செல்போன்கள் ஒரு கூடையில் கிடக்கட்டும். மருந்து நேரம், பள்ளிக்கூடம் என்று அவசரம் உள்ளவர் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலீஷ் எழுத்து ஓடுகிறதே, படிக்க வராதே என்பவர்களுக்காகத்தான் அந்த ஊமைப் படத்து ஆசாமியை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன்! லீவில் இருக்கிற கல்லூரிப் பெண் ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் அவளும் தேவைப்படமாட்டாள். ஈரான் படமான 'சில்ரன் ஆஃப் ஹெவன்' (1997) பார்க்க எந்தப் பாஷையும் வேண்டாம். தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்ட அண்ணன், அப்பாவிடம் சொல்ல முடியாத ஏழ்மை, ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுகிற இரண்டு குழந்தைகள். பிள்ளைகளோடு பார்க்க இதைவிட நல்ல படம் அபூர்வம்.

'பதேர் பாஞ்சாலி' (1955) பார்க்கும்போது ஒரு விஷயம் தெரிந்துகொண்டு பாருங்கள். பணம் இல்லாமல் படம் பாதியில் நின்றபோது அடகுக்குப் போனது ரேயின் மனைவி பிஜோயாவின் நகைகள். அப்புறம்தான் வங்காள அரசாங்கம் பணம் கொடுத்தது. அந்தப் படத்து சர்போஜயா என்ற தாயை ஊர் உலகம் 'பாவம்' என்கிறது. வயதான நாத்தனாரை அவள் சுடுசொல் பேசுகிற இடங்களை நாம்தான் சரியாகப் புரிந்துகொள்வோம். அரிசிப் பானையின் அடி தெரிகிறபோது நல்ல மனுஷி வாயிலிருந்தும் என்ன வரும் என்பது நமக்குத் தெரியும்.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) சொந்த வீடு கட்டியவர்களும் கட்ட ஆசைப்படுகிறவர்களும் பார்க்கவேண்டியது. ஆபீஸ் வேலைக்குப் போகும் சுதா கடன் வாங்கி, கான்ட்ராக்டரிடம் ஏமாந்து, செங்கல் செங்கலாகக் கட்டுகிறாள். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். ஜப்பானில் ஓஸு எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி' (1953) மாமியாரோடு சேர்ந்து பார்க்கத் தைரியம் உள்ளவர்களுக்கு. பட்டணத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு ஆசையாக வரும் கிழத் தம்பதியை வைத்துக்கொள்ள யாருக்கும் நேரமில்லை. போரில் செத்துப்போன மகனின் மனைவி ஒருத்திதான் ஒரு நாள் லீவு போட்டு ஊர் சுற்றிக் காட்டுகிறாள். 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021, மலையாளம்) பார்த்துவிட்டு அன்று மாலை வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை. ஒழுகுகிற ஸிங்க் குழாயைச் சரி செய்யச் சொல்லி அந்தப் பெண் எத்தனை தடவை கேட்கிறாள் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். உங்கள் வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

படம் முடிந்ததும் உடனே எழுந்து போய்விடக்கூடாது என்று மட்டும் ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் பேசவேண்டும். விமரிசகர் மாதிரிப் பேசவேண்டியதில்லை. 'நானாயிருந்தா அந்த இடத்துல அப்படிச் சொல்லியிருக்கமாட்டேனுங்க' என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும். தூங்கிவிட்டவர் தூங்கிவிட்டேன் என்றும் சொல்லலாம், சொல்வதற்கு வெட்கப்படவேண்டாம். அடுத்த மாதப் படத்தை முறை வைத்து ஒவ்வொருவர் தேர்ந்தெடுக்கட்டும். 2005-லிருந்து ஆகஸ்டில் நடந்துவரும் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு எப்படியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவீர்கள். அங்கே சினிமா பற்றிய தமிழ்ப் புத்தகம் ஒன்றையும் வாங்கி வந்தால் தேர்ந்தெடுக்க உதவும்.

முதல் மாதம் எதைப் போடுவது என்று கேட்டால், மணிகண்டனின் 'காக்கா முட்டை'யை (2015) சொல்வேன். பீட்ஸா தின்ன ஆசைப்படுகிற இரண்டு சேரிப் பையன்களுக்கு அவர்கள் பாட்டி தோசைக்கல்லிலேயே பீட்ஸா சுட்டுக் கொடுக்கிற காட்சிக்கு எந்த ஊர்ப் பெண்ணும் சிரிக்காமல் இருக்கமாட்டாள். சுண்டல் ஒரு வீடு, டீ ஒரு வீடு என்று பங்கிட்டுக்கொள்ளுங்கள். காலைப் பாத்திரங்களை மட்டும் அன்றைக்கு அப்படியே ஊறப் போட்டுவிட்டு வாருங்கள். பன்னிரண்டரை மணிக்கு வந்து தேய்த்துக்கொள்ளலாம்.